ஐந்து வருட சர்வேயிலிருந்து நாற்பது வருட வாழ்க்கையை உருவாக்குவது எப்படி?

கேள்வி இது: "என்னிடம் ஐந்து சுற்று பேனல் சர்வே ஒன்று இருக்கிறது. சுமார் எட்டாயிரம் பேர், எல்லா வயதினரும் உண்டு. அதே ஆட்களை வருடம் ஒருமுறை பேட்டி கண்டிருக்கிறார்கள். படிப்பு முடித்து 22 வயதில் வெளியே வருகிறவர்கள் ஓய்வு பெறும்வரை வருடா வருடம் எவ்வளவு சம்பாதிப்பார்கள், எப்போது கல்யாணம், எத்தனை குழந்தை என்று உருவாக்கி, அதன் மேல் ஒரு கல்விக் கடன் திட்டத்தையும் ஓய்வூதியத் திட்டத்தையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு ரிக்ரெஷன் (படிப்பு, பாலினம் போன்றவற்றிலிருந்து வருமானத்தைக் கணிக்கும் சமன்பாடு) போட்டு, அதோடு ரேண்டமாக ஓர் எண்ணைச் சேர்த்தால் போதாதா?"

போதாது. ஏன் போதாது என்பதிலேயே இந்த வேலையின் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்கிற முறையில் ஒவ்வொரு வயதின் சராசரியும் சரியாக வரும், பரவலும் சரியாக வரும். 35 வயதுக்காரர்களின் வருமானத்தை வரைந்து பார்த்தால் சர்வே கோடும் உங்கள் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும். அதைப் பார்த்ததும் மாடல் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானிப்பது வேறொன்று. இந்த வருடம் அடிமட்டத்தில் இருப்பவர் அடுத்த வருடமும், பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கிறாரா, அந்தக் காலத்தில் யாரோடு வாழ்கிறார் என்பதுதான் அது. சராசரியை எந்த மாடலும் பிடித்துவிடும். டேட்டா குறைவாக இருக்கும்போது உழைப்பையெல்லாம் இந்த "எவ்வளவு காலம், யாரோடு" என்பதில்தான் போட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரே வயதுக்காரர்களுக்கு இடையே ஒரு வருடத்தில் தெரியும் வருமான வித்தியாசத்தில் நாலில் மூன்று பங்கு நிலையானது, வருடத்துக்கு 0.97 என்ற விகிதத்தில் மெதுவாக மங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒரு பங்கு அந்த வருடத்தோடு போய்விடுவது: ஒரு போனஸ், இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தது, பேட்டியில் தப்பாகச் சொன்ன தொகை. இந்த உலகத்தில் அடுத்தடுத்த இரண்டு வருட வருமானங்களுக்கு இடையே ஒட்டுறவு (ஒன்று மற்றதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு; 1 என்றால் முழுதாக, 0 என்றால் தொடர்பே இல்லை) 0.75 × 0.97, அதாவது சுமார் 0.73. இப்போது ஒருவர் வந்து இந்த 0.73-ஐ மட்டும் பார்த்து, "போன வருட வருமானம் தெரிந்தால் போதும், அதற்கு முந்தையது வேண்டாம்" என்று ஒரு மாடல் கட்டுகிறார். அவருடைய மாடலில் 20 வருட இடைவெளியில் ஒட்டுறவு 0.73-இன் 20-ஆம் அடுக்கு. அது சுமார் 0.002, நடைமுறையில் பூஜ்யம். உண்மையில் இருக்க வேண்டியது 0.75-ஐ 0.97-இன் 20-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது, சுமார் 0.41.

இரண்டு மாடலும் ஒரு வருட இடைவெளியில் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் 0.73-ஐ மட்டும் பார்த்தவரின் உலகத்தில் யாரும் யாராகவும் நீடிப்பதில்லை. 30 வயதில் ஏழையாக இருந்தவருக்கும் பணக்காரராக இருந்தவருக்கும் 50 வயதில் ஒரே வாய்ப்பு. நாற்பது வருடத்தைக் கூட்டினால் எல்லாரும் சராசரிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். கல்விக் கடனை ஏறக்குறைய எல்லாரும் கட்டி முடிப்பார்கள், அரசுக்கு நஷ்டமே இல்லை என்று அறிக்கை போகும். இங்கிலாந்தில் 2012-இல் வந்த கடன் திட்டத்தில், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதம் கட்ட வேண்டும், 30 வருடத்தில் மீதி தள்ளுபடி. அப்படிப்பட்ட திட்டத்தில் மொத்தச் செலவும் வரம்புக்குக் கீழேயே வருடக்கணக்கில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் தொங்குகிறது. அவர்களை உங்கள் மாடல் அழித்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க உங்கள் ஐந்து சுற்றே போதும். முதல் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் இடையே நான்கு வருடம். 0.73-ஐ மட்டும் பார்த்தவரின் கணக்குப்படி அங்கே ஒட்டுறவு 0.28. மேலே வைத்துக்கொண்ட உலகத்தில் 0.66. எட்டாயிரம் பேரை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் விட வழியில்லை. அதனால் மாடல் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வருட இடைவெளிகளில் ஒட்டுறவை வயதுவாரியாகக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உருவாக்கும் வாழ்க்கைகள் அந்தத் தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

வேலை இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதே கதைதான். ஒரு வயதில் 80 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்றால், வருடா வருடம் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கினால் பத்து வருடமும் விடாமல் வேலை பார்த்தவர்கள் 11 சதவீதம்தான் வருவார்கள். அதே 80 சதவீதம் இப்படியும் வரலாம்: 70 சதவீதம் பேர் எப்போதும் வேலையில், 10 சதவீதம் பேர் ஒருபோதும் இல்லை, மீதி 20 சதவீதம் பேர் பாதி நாள் உள்ளே பாதி நாள் வெளியே. பிரிட்டனின் புதிய அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க 35 தகுதி வருடங்கள் வேண்டும், எதுவுமே கிடைக்கக் குறைந்தது 10 வேண்டும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அதிகம் சம்பாதித்த 35 வருடங்களை எடுத்துக் கணக்கிடுகிறது. மேலே சொன்ன இரண்டு உலகங்களிலும் சராசரி வேலை வருடங்கள் ஒன்றே. ஓய்வூதியமே இல்லாமல் போகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் முற்றிலும் வேறு.

சரி, எப்படிக் கட்டுவது? இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் கலந்துதான் பயன்படுத்துவார்கள்.

முதல் வழியில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது: எவ்வளவு என்பதையும் எந்த இடம் என்பதையும் பிரித்துவிடுவது. ஒவ்வொருவரின் வருமானத்தையும் அவர் வயது, பாலினம், படிப்புக்குள் அவருடைய வரிசை இடமாக மாற்றுங்கள், கீழிருந்து நூற்றுக்கு எத்தனையாவது என்று. பேனல் சர்வேயிலிருந்து எடுக்க வேண்டியது இந்த இடம் வருடா வருடம் எப்படி நகர்கிறது என்பதை மட்டும். அந்த இடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பணம் என்பதை, பேனலைவிடப் பல மடங்கு பெரிய தொழிலாளர் சர்வேயிலிருந்து எடுக்கலாம். அதில் ஆட்களைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டிய அவசியமில்லை. டேட்டா குறைவு என்கிற பிரச்சினையில் பாதி இங்கேயே தீர்கிறது. குட்டி பேனலிடம் அதற்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்கிறோம், மற்றதைப் பெரிய சர்வே பார்த்துக்கொள்ளும். குறுகிய பேனலை வைத்து வாழ்நாள் ஏற்றத்தாழ்வை அளக்கும் ஆய்வுகளில் இந்த உத்தி நன்றாகப் பழகிவிட்டது. வரிசை இடங்களின் தொடர்பை விவரிக்க காப்புலா என்கிற கருவியைப் பயன்படுத்துவார்கள்.

இடம் நகர்வதை மாடல் செய்யும்போது மேலே சொன்ன இரண்டு பகுதிகளையும், மங்குவது ஒன்று, உடனே மறைவது ஒன்று, கட்டாயம் தனித்தனியாக வையுங்கள். அதோடு, அதிர்ச்சிகளை, அதாவது வருமானத்தில் திடீரென வரும் மாற்றங்களை, மணி வடிவப் பரவலிலிருந்து எடுக்காதீர்கள். பொருளியலாளர் ஃபாத்தி குவெனனும் அவருடைய குழுவினரும் லட்சக்கணக்கான அமெரிக்கத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான வருடங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடப்பதில்லை, எப்போதாவது ஒருமுறை பெரிய அடி விழுகிறது, அந்த அடி மேல்நோக்கி விழுவதைவிடக் கீழ்நோக்கி விழுவதே கடுமையாக இருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. மணி வடிவத்தில் எடுத்தால் எல்லாரும் எல்லா வருடமும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருப்பார்கள், யாரும் விழ மாட்டார்கள். உங்கள் சர்வேயில் கிடைக்கும் மாற்றங்களையே நேரடியாக எடுத்துப் பயன்படுத்துவது இதைவிட மேல்.

இரண்டாவது வழி ஒட்டுப் போடுவது. 22 முதல் 26 வரை பதிவான ஒருவரின் வாழ்க்கையை எடுத்து, 26 வயதில் அவரைப் போலவே இருந்த இன்னொருவரைத் தேடி, அவருடைய 26 முதல் 30 வரையிலான பதிவை அதோடு சேர்ப்பது. அப்புறம் 30-இல் இன்னொருவர். இப்படிப் பத்துப் பேரின் துண்டுகளில் ஒரு முழு வாழ்க்கை உருவாகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எல்லாமே உண்மையான மனிதருடையது. சம்பளம், வேலை நேரம், துணையின் சம்பளம், குழந்தை பிறந்த வருடம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருந்ததோ அப்படியே வரும். நாம் நினைத்துக்கூடப் பார்க்காத தொடர்புகளும் தானாக வந்து சேரும்.

ஆனால் ஒவ்வொரு ஒட்டிலும் ஞாபகம் அறுகிறது. எந்த விஷயங்களை வைத்து ஆள் பார்த்தீர்களோ அவை மட்டும்தான் ஒட்டைத் தாண்டி வரும். 26 வயதின் வருமானம் ஒன்றை மட்டும் வைத்துப் பொருத்தினால், முன்பு பார்த்த 0.73 பிரச்சினை வேறு உருவத்தில் திரும்பி வருகிறது: ஒரு வருட வருமான வித்தியாசத்தில் நாலில் ஒரு பங்கு வெறும் சத்தம், அதாவது அந்த வருடத்தோடு போய்விடும் தற்செயல், அதை வைத்து ஜோடி சேர்க்கிறோம். ஆகவே துண்டுகள் இரண்டு மூன்று வருடம் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். அந்த வருடங்களின் சராசரி வருமானத்தை வைத்துப் பொருத்துங்கள். இளம் வயதில் இதுவும் போதாது. பொருளியலாளர்கள் ஹைடர், சோலன் இருவரும் 2006-இல் காட்டியதுபோல, இருபதுகளில் ஒருவர் சம்பாதிப்பது அவருடைய வாழ்நாள் வருமானத்தை மிகவும் மங்கலாகத்தான் சொல்கிறது. முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து நாற்பதுகளின் நடுப்பகுதிவரைதான் அது ஓரளவு நம்பகமாகிறது. 23 வயதில் பயிற்சி மருத்துவரும் கடை விற்பனையாளரும் ஒரே சம்பளம் வாங்கலாம். அவர்களை ஒட்டினால் அபத்தம். படிப்பு, துறை, தொழில் இவற்றை முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு வருமானம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: ஒரே ஆள் எத்தனை வாழ்க்கைகளுக்குத் துண்டு கொடுத்தார்? அறுபதை நெருங்கும் வயதில் ஆட்கள் குறைவு. ஒரே ஒரு விசித்திரமான பதிவு நூறு வாழ்க்கைகளின் கடைசிப் பகுதியாகிவிடும். ஒருவருக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள்.

இப்போது குடும்பம். வருமானத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் ஒழுங்காக ஞாபகம் இருக்காது. கல்யாணம் எப்போது, முதல் குழந்தை எப்போது என்றால் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். அதனால் பல பேனல் சர்வேக்கள் ஏதாவது ஒரு சுற்றில் முழுத் திருமண வரலாற்றையும் குழந்தைப் பேறு வரலாற்றையும் கேட்டுவிடுகின்றன. 1991-இல் தொடங்கிய பிரிட்டிஷ் குடும்ப பேனல் சர்வே இரண்டாம் சுற்றிலேயே இதைச் செய்தது. உங்கள் சர்வேயில் அப்படி ஒரு பகுதி இருக்கிறதா என்று கேள்வித்தாளைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் ஐந்து வருட டேட்டா குடும்ப விஷயத்தில் முப்பது வருட டேட்டாவாகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: பிரிந்துபோன உறவில் பிறந்த குழந்தைகளை ஆண்கள் குறைத்துச் சொல்வது பல சர்வேக்களில் கண்டிருக்கும் பழக்கம். குழந்தை எண்ணிக்கைக்குப் பெண்களின் பதிலை நம்புங்கள்.

கல்யாணமும் பிரிவும் வயதை மட்டும் பொறுத்தவை அல்ல, எவ்வளவு காலமாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தவை. காலக்கணக்கை விட்டுவிட்டால், ஒரு குறிப்பிட்ட வயதில் எத்தனை பேர் மணமானவர்கள் என்பது சரியாக வரும், ஆனால் ஆளுக்கு மூன்று நான்கு குட்டித் திருமணங்கள் நடக்கும். அமெரிக்காவில் விவாகரத்தானவர் முன்னாள் துணையின் பதிவை வைத்து ஓய்வூதியம் கோர, அந்தத் திருமணம் குறைந்தது 10 வருடம் நீடித்திருக்க வேண்டும். அதுபோல ஒரு விதியை உங்கள் மாடலில் ஓட்டினால் முடிவு தலைகீழாகிவிடும்.

பிரிவு விகிதத்தில் இன்னொரு கசிவும் உண்டு. பிரிகிறவர்களில் ஒருவராவது வீடு மாறுகிறார், வீடு மாறுகிறவர்கள் அடுத்த சுற்றில் கிடைக்காமல் போகிறார்கள். ஆகவே பிரிவுகள்தான் சர்வேயிலிருந்து நழுவும். பதிவுத்துறைப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடாமல் இந்த ஒரு எண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள்.

துணையை எங்கிருந்து கொண்டுவருவது? மாடலில் உள்ளவர்களுக்குள்ளேயே ஜோடி சேர்க்கலாம், அல்லது தேவைப்படும்போது புதிதாக ஒருவரை உருவாக்கலாம். முன்னது கணக்குச் சுத்தமானது, கட்டுவது கடினம். உங்கள் கடன் திட்டம் கடன் வாங்கியவரின் சொந்த வருமானத்தை மட்டும் பார்க்கிறது என்றால் பின்னதே போதும். துணை இறந்தபின் கிடைக்கும் ஓய்வூதியத்தையும் சோதிப்பதாக இருந்தால் துணைக்கும் முழு வேலை வரலாறு வேண்டும். அப்போது முன்னதைத் தவிர வழியில்லை. எப்படியானாலும் வயதும் படிப்பும் பொருந்துவதோடு நிறுத்தாதீர்கள், வருமான வரிசை இடமும் ஓரளவு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் குடும்பங்களுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வு செயற்கையாகக் குறையும்.

இந்த வேலையிலேயே டேட்டா மிகவும் மெலிந்து நிற்கும் இடம், குழந்தை பிறந்தபின் தாயின் வேலை. எண்ணிப் பார்ப்போம். எட்டாயிரத்தில் 20 முதல் 40 வயதுப் பெண்கள் 1,400 பேர் என்று வையுங்கள். வருடத்துக்கு நூற்றில் நாலு பேருக்கு முதல் குழந்தை என்றால் நான்கு இடைவெளிகளில் சுமார் 220 பேர். குழந்தைக்குப் பின் இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் முதல் இரண்டு இடைவெளிகளில் பெற்றவர்கள் மட்டுமே தேறுவார்கள், அதாவது சுமார் 110. அவர்களில் வேலையை விட்டவர்கள், அதில் திரும்பி வந்தவர்கள் என்று பிரித்தால் முப்பது நாற்பது பேர் மிஞ்சலாம். திரும்பி வரும்போது அவர்கள் எந்த வரிசை இடத்தில் வருகிறார்கள் என்பதுதான் அடுத்த முப்பது வருடத்தை நிர்ணயிக்கிறது. இந்த நாற்பது பேரைப் படிப்பு, வயது, துணையின் வருமானம் என்று கட்டம் கட்டமாகப் பிரிக்காதீர்கள். இடைவேளைக்கு முந்தைய இடம், இடைவேளையின் நீளம் என்ற இரண்டை மட்டும் வைத்து எளிமையான தொடர்பு ஒன்று போடுங்கள். வேறு நாட்டு நீண்ட பேனலில் இதே தொடர்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1968 முதலும் ஜெர்மனியில் 1984 முதலும் ஒரே குடும்பங்களைப் பின்தொடரும் சர்வேக்கள் இருக்கின்றன. அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இடைவேளை நீள நீள இறக்கம் எப்படிக் கூடுகிறது என்ற வடிவத்தை ஒப்பிட முடியும்.

தலைமுறை விஷயத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. ஐந்து வருட சர்வேயில் 55 வயதுப் பெண் ஒருத்தி முப்பது வருடத்துக்கு முன் வேலைக்கு வந்தவள், அல்லது வராமலே இருந்தவள். அவளை இன்றைய 25 வயதுப் பெண்ணின் எதிர்காலமாக ஒட்டுகிறோம். வயது, காலம், பிறந்த ஆண்டு மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடுவதால், அவற்றின் விளைவுகளை டேட்டாவால் மட்டும் பிரிக்க முடியாது. ஏதாவது ஒரு அனுமானம் நீங்கள் வைத்தே ஆக வேண்டும். என் விருப்பம் இது. முதலில் ஒவ்வொரு வருட வருமானத்தையும் அந்த வருடச் சராசரியால் வகுத்து, பொதுவான சம்பள வளர்ச்சியை வெளியே எடுத்துவிடுங்கள். கடைசியில் வேண்டிய வளர்ச்சி விகிதத்தோடு திரும்பச் சேர்க்கலாம். வேலைக்குப் போவதை வயதைக் கொண்டு தீர்மானிக்காமல் அவளுடைய சொந்த வரலாற்றைக் கொண்டு தீர்மானியுங்கள். 50 வயதில் வேலையில் இருப்பாளா என்பது 45-இல் இருந்தாளா என்பதைப் பொறுத்தது என்று வைத்தால், இன்றைய இளம்பெண்களின் அதிக வேலைப் பங்கு மாடலுக்குள் தானாகவே மேல் வயதுக்கு நகர்ந்து போகும்.

சமூகத்தைத் தனித்தனி மனிதர்களாகக் கணினியில் வாழ வைத்துப் பார்க்கும் யோசனையை கை ஆர்கட் என்ற பொருளியலாளர் 1957-இலேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஸ்வீடன், நார்வே என்று பல அரசுகள் ஓய்வூதியக் கணக்குக்கு இப்படிப்பட்ட மாடல்களை வளர்த்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் வருகிற ஒரு படி, உருவான எண்ணிக்கைகளை வெளியிலிருந்து வரும் மொத்தங்களோடு இழுத்துப் பொருத்துவது. இத்தனை பிறப்பு, இத்தனை வேலையின்மை என்று. அது தேவைதான். ஆனால் இழுக்காமல் ஒருமுறை ஓட்டி, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இழுத்தபின் பார்த்தால் எல்லா மாடலும் அழகாகவே தெரியும்.

சோதிப்பதற்கு நேரடியான வழி: சர்வேயின் முதல் சுற்று ஆட்களை மட்டும் மாடலுக்குக் கொடுத்து நான்கு வருடம் ஓட்டுங்கள். உண்மையான ஐந்தாம் சுற்றோடு ஒப்பிடுங்கள். சராசரியை விடுங்கள். ஐந்து வருடமும் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஐந்து வருடமும் வருமானமே இல்லாதவர்கள்? குழந்தை பிறந்து, அதே காலத்தில் துணையின் வேலையும் போன குடும்பங்கள்? இந்த மூன்றும் பொருந்தினால் மேலே போகலாம்.

கடைசியாக, முடிவை ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். வாழ்க்கைகளை லட்சம் முறை உருவாக்கினால் சீட்டுக் குலுக்கலின் சத்தம் அடங்கும். எட்டாயிரம் பேரிலிருந்து அளந்த விகிதங்களின் நிச்சயமின்மை அதனால் கொஞ்சமும் குறையாது. குடும்பங்களை முழுதாக எடுத்து மறுபடி மறுபடி மாதிரி எடுங்கள். ஆள்-வருடங்களைத் தனித்தனியாக எடுத்தால் தொடர்ச்சி சிதறிவிடும். ஒவ்வொரு முறையும் எல்லா விகிதங்களையும் புதிதாக அளந்து, முழு மாடலையும் ஓட்டுங்கள். அதோடு நிலைத்திருக்கும் பகுதியின் விகிதத்தை 0.95 என்றும் 0.98 என்றும் மாற்றி வைத்து, கடன் தள்ளுபடியின் செலவு எவ்வளவு நகர்கிறது என்று தனியாக ஒரு அட்டவணை போடுங்கள். 20 வருட இடைவெளியில் முன்னது 0.36 ஆகவும் பின்னது 0.67 ஆகவும் தேய்கிறது. நான்கு வருட இடைவெளியிலோ 0.81, 0.92 என்று அருகருகே நிற்கும் இவற்றில் எது சரி என்று உங்கள் சர்வேயால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் அந்த அட்டவணை அறிக்கையின் பின்னிணைப்பில் இல்லாமல் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.